வாடாமல்லி: எமது வளவுகளிலிருந்து மறைந்துவரும் வாடாத பூ

அண்மையில் தென்மராட்சியில் ஒரு மரணவீட்டுக்குச் சென்று திரும்பும் வழியில் கொடிகாமம் சந்தியில் சிறிது நேரம் தங்க நேர்ந்தது. மரணவீட்டில் நாம் கண்ட காட்சி மனதைவிட்டு அகலவில்லை. அன்னாரின் உருவப்படத்தைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகத் தொங்கியவை அனைத்தும் பிளாஸ்டிக் மாலைகள். பந்தலின் தூண்களிலும் அவையே. பூக்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. காரணம் கேட்டபோது, “இது வாடாது ஐயா, அந்தியேட்டிவரைக்கும் நிற்கும்” என்றார் வீட்டுக்காரர் ஒருவர். அவரது பதிலிற் பிழை காண்பதற்கில்லை. முப்பத்தொரு நாளும் படத்தின் முன்னால் நிற்கக்கூடிய மாலை ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. கடையிற் கிடைத்தது அது.

ஆயினும் இரு விடயங்களை இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது. ஒருமுறை பாவித்து எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றை 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் தடைசெய்தபோது, உறிஞ்சு குழாய், கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூமாலையும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. இது ஒன்று. பிளாஸ்டிக் வருவதற்கு முன்னரே வாடாத பூ ஒன்று எமது வளவுகளில் இருந்தது என்பது மற்றையது. அதே வீட்டுக் கிணற்றடியில், எவரும் கவனியாத ஓரத்தில், ஊதா நிறத்தில் நான்கைந்து செடிகள் பூத்து நின்றன. வாடாமல்லி. எமது தலைமுறையினர் சிறுவயதில் புத்தகத் தாள்களுக்கிடையில் வைத்து மறந்துபோன அதே பூ.

பூ என்றால் வாடுவது என்பதே பொது அனுபவம். செவ்வரத்தம்பூ காலையில் விரிந்து மாலையிற் சுருண்டுவிடும். மல்லிகை ஓரிரவு தாங்கும். வாடுதல் என்பது வேறொன்றுமன்று, நீரிழப்புத்தான். பூவிதழின் உயிரணுக்கள் ஊதிய பலூன்களைப் போல நீரின் அழுத்தத்தினால் விறைத்து நிற்கின்றன. அந்நீர் வெளியேறியதும் மெல்லிய சுவர்கள் மடிந்து, இதழ் தொய்ந்து, நிறமும் சிதைகின்றது. ஆகவே, தொடக்கத்திலேயே நீரை நம்பி நில்லாத ஓர் உறுப்பு இருக்குமானால், அது வாடுவதற்கு இடமே இல்லை. வாடாமல்லியிலும் அதையொத்த ஏனைய பூக்களிலும் நாம் காண்பது அத்தகைய உறுப்பைத்தான்.

வாடாமல்லியின் உருண்டையான தலை ஒரு தனிப்பூ அன்று. ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அவ்வுருண்டை, நெருக்கமாக அடுக்கப்பட்ட பல சிறு பூக்களின் தொகுதி. கண்ணைக் கவரும் ஊதா நிறச் செதில்கள் இதழ்களும் அல்ல. அவை பூவைத் தாங்கி மூடும் பூவடிச் செதில்கள், இலையின் உருமாற்றம். தடித்த சுவருடைய உயிரணுக்களாலான அவை, செடியில் நிற்கும்போதே கடதாசிபோல உலர்ந்திருக்கின்றன. விரலால் உரசினால் சரசரவென்ற ஓசை கேட்கும். உண்மையான பூக்களைக் காண விரும்புவோர் உருண்டையைக் கண்ணருகே கொண்டுசென்று பார்க்க வேண்டும். செதில்களுக்கு நடுவே எட்டிப்பார்க்கும் மஞ்சளும் வெள்ளையுமான சிறு புள்ளிகளே அவை. அவை தம் கடமையை முடித்துச் சில நாட்களில் வாடியே விடுகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பஞ்சு போர்த்த ஒரேயொரு வித்து எஞ்சுகின்றது. வாடாமல்லியிலும் பூ வாடத்தான் செய்கின்றது. அதன் போர்வைதான் வாடுவதில்லை.

நிறம் நிலைப்பதற்கும் காரணம் உண்டு. செவ்வரத்தை, நித்தியகல்யாணி போன்ற பெரும்பாலான பூக்களின் சிவப்பும் ஊதாவும் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள்களால் ஆனவை. வாடாமல்லியின் ஊதா, பீற்றூட் கிழங்கின் செந்நிறத்தைச் சேர்ந்த பீற்றலேயின் வகை. இவ்விரு வகை நிறப்பொருள்களும் ஒரே செடியிற் சேர்ந்து காணப்படுவதில்லை என்பது தாவரவியலாளரை நெடுங்காலமாக வியக்கவைத்துவரும் ஒரு புதிர். உலர்ந்த செதிலில் பூட்டப்பட்ட இந்நிறம், நேரடி வெயில் படாத இடத்தில் மாதக்கணக்கில் மங்காதிருக்கும்.

இதே உபாயத்தைக் கையாளும் இன்னொரு செடியையும் யாழ்ப்பாணத்தவர் நன்கறிவர். மதில்களின் மேற் படர்ந்து நிற்கும் போகன்வில்லாவைக் கடதாசிப்பூ என அழைக்கின்றோமே, அதிலும் நிறமுடையவை இதழ்கள் அல்ல. மூன்று செதில்களின் நடுவே வெண்மையான சிறு குழாயாக நிற்பதுதான் பூ. அதன் நிறமும் பீற்றலேயினே. பெயரிட்ட எமது முன்னோர் தாவரவியல் கற்றவர்கள் அல்லர். ஆயினும் ‘கடதாசி’ என்ற சொல்லில் விடயத்தைச் சரியாகவே பிடித்துவிட்டனர்.

‘வாடாமல்லி’ என்ற பெயரோ பாதி உண்மை. வாடாது என்பது சரி. மல்லி என்பது பிழை. மல்லிகைக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. மணமும் இல்லை. இது கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் அன்றாடம் சுண்டியும் கடைந்தும் உண்ணும் முளைக்கீரை, தண்டுக்கீரை, வேலியோர நாயுருவி, முற்றத்துக் கோழிக்கொண்டை எல்லாம் இதன் சுற்றத்தவை. அக்குடும்பத்துக்கு மேலைத்தேயத்தார் இட்ட ‘அமராந்த்’ என்ற பெயர் ‘வாடாதது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கீரைக்குப் போய் இத்தனை பெரிய பெயரா என எண்ணுவோர், முற்றிய தண்டுக்கீரையின் பூங்கதிரைப் பறித்து ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம்.

தாவரவியலில் இதற்குக் கொம்பிறீனா குளோபோசா என்று பெயர். லின்னேயஸ் 1753இல் இட்ட பெயர் அது. தாயகம் மத்திய அமெரிக்கா. மிளகாய், புகையிலை, மரவள்ளி, பப்பாசி எனக் குடாநாட்டின் வாழ்வோடு பிணைந்துவிட்ட பலவற்றைப்போல இதுவும் கடல் கடந்து வந்தேறியதே. எப்போது வந்தது என்பதற்கு ஓரளவு தடயம் உண்டு. மலையாளக் கரையில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவர், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையுடன் அக்கரையின் தாவரங்களைப் படங்களுடன் தொகுத்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ எனப்படும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. அதில் இச்செடி ‘வாடாப்பூ’ என்ற பெயருடனேயே இடம்பெற்றுள்ளது. அமெரிக்கச் செடியொன்று 17ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் இங்கு வேரூன்றி, உள்ளூர்ப் பெயரும் பெற்றுவிட்டது என்பதை இதிலிருந்து அறிகின்றோம்.

பெயர் வைப்பதில் ஏனைய நாட்டவரும் சளைத்தவர் அல்லர். சீனர் இதனை ‘ஆயிரம் நாட் சிவப்பு’ என்பர். இந்தி, உருது மொழிகளில் ‘குல்மக்மல்’. வெல்வெட்டுப் பூ என்று பொருள். மலாய் மொழியில் ‘பொத்தான் பூ’. நேபாளத்தில் ‘மக்மலி’. தீபாவளியை அடுத்து வரும் பாய் டீக்கா நாளில் நேபாளத்துச் சகோதரிகள் தம் சகோதரர்களின் கழுத்தில் அணிவிப்பது இம்மக்மலி மாலையையே. பூவைப்போல உடன்பிறந்தான் ஆயுளும் வாடாதிருக்க வேண்டும் என்பது அவர்களின் வேண்டுதல். கேரளத்து ஓணப் பூக்கோலத்தில் ஊதா நிறத்தைத் தருவது இதுவே. தமிழகத்தின் தோவாளைச் சந்தையிலிருந்து அப்பருவத்தில் மூடைமூடையாக எல்லை கடந்து செல்லும் பூக்களில் வாடாமல்லியும் ஒன்று.

ஆனால், அமெரிக்காவிலிருந்து வந்த இப்பூவுக்கு முன்னரே வாடாத பூவொன்றைத் தமிழர் அறிந்திருந்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசையில் பூளையும் உண்டு. சிறுபூளை, சிறுபீளை, கண்ணுப்பீளை எனப் பலவாறு வழங்கும் அச்செடியைக் கொடிகாமம், மிருசுவில், வரணிப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் தேடவே வேண்டியதில்லை, காலடியிற் கிடக்கும். இதுவும் வாடாமல்லியின் குடும்பமே. இலைக் கக்கங்களில் வெண்பஞ்சாகத் திரண்டிருக்கும் அதன் பூங்கதிர் காய்ந்த பின்னரும் உருக்குலைவதில்லை. கொங்கு நாட்டில் தைப்பொங்கலுக்கு முன்தினம் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் பூளைப்பூவைக் கட்டி வீட்டுக் கூரையிற் செருகுவர். காப்புக் கட்டுதல் என்பது அதன் பெயர். அது காய்ந்தபடியே அங்கிருக்கும்.

எமது மண்ணில் இதற்குத் தேங்காய்ப்பூக்கீரை என்ற பெயரும் உண்டு. துருவிய தேங்காய்ப்பூவைத் தூவியது போன்ற அதன் தோற்றத்தால் அமைந்த பெயர். சிங்கள மக்கள் இதனைப் ‘பொல்பலா’ என்பர். ‘பொல்’ என்றால் தேங்காய்; ‘பலா’ என்றால் கீரை. இரு மொழியினரும் ஒரே செடியில் ஒரே தேங்காயைக் கண்டிருக்கின்றனர்! சிறுநீர்க் கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் இதன் குடிநீரைச் சித்த வைத்தியமும் சிங்கள வைத்தியமும் ஒன்றுபோலவே பரிந்துரைக்கின்றன. உலர்த்திப் பொதிசெய்யப்பட்ட பொல்பலா தீவெங்கும் கடைகளிற் கிடைக்கின்றது. இவ்விடத்தில் ஒரு சொல்: சிறுநீரக நோயினால் ஏற்கனவே பாதிக்கப்பட்டோர், வைத்தியரைக் கேளாமல் எந்த மூலிகைக் குடிநீரையும் நாட்கணக்கில் அருந்துவது ஆபத்தானது. மூலிகை என்பதால் தீங்கிராது என்ற எண்ணம் எம்மவரிடையே வேரோடியிருப்பதாலேயே இதனைக் கூற வேண்டியுள்ளது. வாடாமல்லியையும் சீனர் இருமலுக்கும் இளைப்புக்கும் தேநீராகக் காய்ச்சுவர்; கரிபியன் தீவுகளிலும் அதற்கு மருந்துப் பயன்பாடு உண்டு. எமது நாட்டில் அது பெரும்பாலும் அழகுக்கு மட்டுமே.

ஐரோப்பியர் ‘என்றுமுளப் பூ’ எனக் கொண்டாடுவது இவற்றை அல்ல. அவர்களது பூக்கள் சூரியகாந்திக் குடும்பத்தவை. ஹெலிகிறைசம் என்பது அவற்றுள் முதன்மையானது. ‘சூரியப் பொன்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர். அவுஸ்திரேலியாவின் வைக்கோற்பூவும் இதன் சுற்றமே. எமது நாட்டில் அச்சுற்றத்தைக் காண விரும்பின் ஹோட்டன் சமவெளியின் குளிருக்குச் செல்ல வேண்டும். அங்கு புல்வெளிகளில் வெள்ளிநிற இலைகளோடு அனபாலிஸ் செடிகள் பூத்துக் கிடக்கும். வைக்கோற்பூவின் செதில்களுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. காற்று ஈரமானால் அவை குவியும், உலர்ந்தால் விரியும். பறித்துக் காய்ந்து உயிரற்றுப்போன பின்னரும் இவ்வசைவு நிற்பதில்லை. செதிலின் ஒருபுறம் மறுபுறத்தைவிடக் கூடுதலாக நீரை உறிஞ்சி நீள்வதே காரணம்.

19ஆம் நூற்றாண்டில் தெற்குப் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் இப்பூக்களை வயல்வயலாகப் பயிரிட்டுக் கல்லறைகளுக்கான மலர்வளையங்கள் செய்தனர். தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் விளைந்த வெண்ணிறப் பூவுக்கு அங்குள்ளோர் இட்ட பெயரின் பொருள் ‘ஏழாண்டுப் பூ’. அதையும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தனர். மெத்தையில் அடைத்து அதன்மேல் உறங்கவும் செய்தனர். சுலு மக்கள் ஹெலிகிறைசம் செடிகளை உலர்த்திச் சாம்பிராணிபோலப் புகைத்து மூதாதையரை நினைவுகூர்கின்றனர். இறந்தோரையும் வாடாத பூவையும் இணைத்துப் பார்க்கும் எண்ணம் ஒன்றையொன்று அறியாத பல மக்களிடம் தோன்றியிருக்கின்றது.

எமது சமயங்கள் இவ்விடயத்தைச் சற்று வேறு கண்ணோடு நோக்கியுள்ளன. சைவ மரபில் பூசைக்குரியது அன்றலர்ந்த பூ. நேற்றைய பூ நிர்மாலியம், களையப்பட வேண்டியது. வில்வத்துக்கு மட்டும் பழமைக் குற்றம் இல்லை என விதிவிலக்கு வைத்தனர். நளன் கதையிலோ வாடுதலே மனிதனின் அடையாளம். சுயம்வர மண்டபத்தில் ஒரே உருவில் ஐவர் வீற்றிருக்க, தேவர் நால்வரின் மாலைகள் வாடவில்லை. நளனது மாலை வாடியிருந்தது. அதைக் கண்டே தமயந்தி தன் கணவனைத் தெரிந்துகொண்டாள்.

இஸ்லாமிய மரபிலும் இதனையொட்டிய செய்தியொன்று உண்டு. இரு கபுறுகளைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பச்சைப் பேரீச்ச மட்டையொன்றை இரண்டாகப் பிளந்து இரண்டின்மீதும் நாட்டி, அவை காயாதிருக்கும்வரை அவ்விருவரின் வேதனை இலேசாக்கப்படலாம் என்று கூறியதாக ஸஹீஹுல் புகாரி பதிவுசெய்கின்றது. அதனைப் பின்பற்றிக் கபுறின்மீது பச்சைக் கிளை நடுவோர் உளர்; அது நபியவர்களுக்கே உரிய செயல் எனக் கூறும் அறிஞர்களும் உளர். அவ்விவாதத்துக்குள் நாம் நுழைய விரும்பவில்லை. நாம் கவனிப்பது, அங்கும் மதிப்புப் பெறுவது ஈரமும் பசுமையும் என்பதையே. சைவரின் பூசைத்தட்டிலும் முஸ்லிம்களின் மையவாடியிலும் பிளாஸ்டிக்குக்கு மரபின் ஆதாரம் எதுவும் இல்லை. படத்துக்கு மாலை சூட்டுதல், பந்தலை அலங்கரித்தல், மணப்பந்தலைச் சோடித்தல் போன்றவை பூசையல்ல, வழக்கம். வாடாமல்லிக்கு உரிய இடம் அதுவே.

கொடிகாமத்தைப்பற்றிக் கூறாமல் இதை முடிக்க முடியாது. ஏ-9 வீதியிலிருந்து பருத்தித்துறைக்குப் பாதை பிரியும் இச்சந்தி, தட்டிவான்களுக்கும் மாம்பழம், பலாப்பழம், தேங்காய் நிறைந்த சந்தைக்கும் பெயர் பெற்றது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அயலூரான சாவகச்சேரியில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களும் வீடுகளையும் கடைகளையும் விட்டுச் சென்றன. கொடிகாமம் சந்தையில் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்த தமிழ் வியாபாரிகள் அதனைப் பார்த்து நின்றனர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்ததையடுத்துத் தென்மராட்சி முழுவதும் போர்க்களமானது. இம்முறை தமிழ்க் குடும்பங்கள் படலையைச் சாத்திவிட்டு வெளியேறின. 2002இல் பாதை திறந்த பின்னர் பலர் திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை, தென்னைகளுக்குத் தலை இல்லை.

நாம் கிணற்றடிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட அவ்வீட்டு மூதாட்டி, எவரும் கேளாமலே அக்கதையைக் கூறினார். திரும்பி வந்தபோது வளவு முழுவதும் பற்றையாம். அவர் கைப்பட வைத்த றோசா இல்லை, நந்தியாவட்டை இல்லை. கிணற்றுக் கட்டின் ஓரத்தில் மட்டும் வாடாமல்லி இருந்தது. “நான் தண்ணி விட்டே ரெண்டு வருசம். அது தன்ரபாட்டில விழுந்து, தன்ரபாட்டில முளைச்சிருக்குது தம்பி” என்றார். அதில் மாயம் எதுவும் இல்லை. இச்செடி ஓராண்டு வாழ்வுடையது. உதிர்ந்த வித்து மாரி ஈரத்தில் தானே முளைக்கும். சோளம், கரும்பு போன்றவை கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் உணவு தயாரிக்கக் கையாளும் ஒளித்தொகுப்பு முறையையே இதுவும் கையாள்கின்றது. இலையும் தண்டும் மென்மயிர் போர்த்தவை. தென்மராட்சி மணலும் சித்திரை வெயிலும் அதற்குத் துன்பமே அல்ல. ஆயினும் அம்மூதாட்டி சொன்னவிதத்தில் அது வேறொன்றாகவே கேட்டது.

அவரது வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பூவின் பெயர் தெரியவில்லை. மரணவீட்டுக்கு மாலை வாங்கியவர்கள் அவர்கள்தான். இதுவே எமது கவலைக்குக் காரணம். இப்பூவை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, மருந்தடிக்க வேண்டியதில்லை. பெயர் தெரியாது போனால் களையென்று பிடுங்கப்படும்.

பயிரிட விரும்புவோருக்குச் சில குறிப்புகள். உலர்ந்த பூவொன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பஞ்சு சுற்றிய வித்துகள் உதிரும். பஞ்சு நீரை எளிதில் உள்ளே விடாது. ஆகவே ஓரிரவு நீரில் ஊறவைத்து, மாரி மழை ஓய்ந்த தை மாதத்தில் தூவி மண்ணை மெல்ல மூடினால் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முளைக்கும். ஒரு முழம் வளரும். இரண்டு மூன்று மாதங்களிற் பூக்கத் தொடங்கும். நீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. மாலைக்காகப் பறிப்போர், உருண்டை முழுதாகத் திரண்டு நிறம் ஏறியதும், பனி உலர்ந்த பின்னர், காம்போடு வெட்ட வேண்டும். சிறு பிடிகளாகக் கட்டி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலிற் காயவைத்தால் நிறம் வெளிறிவிடும். தலைகீழாகத் தொங்கவிடாவிட்டால் காம்பு வளைந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் ஆயத்தமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், பறிப்பதை அதற்குமுன் முடித்துக்கொள்வது நன்று.

விடைபெற்றபோது அம்மூதாட்டி நான்கு பூக்களைப் பறித்து எமது கையில் தந்தார். மூன்று எமது அலுவலக மேசைமேல் நிறம் மாறாதிருக்கின்றன. நான்காவதைக் கசக்கி, வித்துகளைக் கடித உறையொன்றில் இட்டுத் தை மாதத்துக்காக வைத்திருக்கின்றோம்.